கணித மேதையின் பட்டியலில் விடுபட்ட எண்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார இரயில் நுங்கம்பாக்கத்தைத் தாண்டியதும் சேத்துப்பட்டில் நிற்கும். நம் மாணவியரின் பெற்றோரில் பலர் அன்றாடம் அவ்வழியே வேலைக்குச் சென்று திரும்புகிறார்கள். அந்த நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஹாரிங்டன் சாலையை ஒட்டியிருந்த ஓர் இல்லத்தில், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டே வயதான ஒருவர் காலமானார். அதே இரயில் போய் நிற்கும் கடற்கரை நிலையத்துக்கு அருகே உள்ள துறைமுகத்தில்தான், எட்டாண்டுகளுக்கு முன் அவர் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அவர் காலத்தில் இங்கே மின்சார இரயில் ஓடவில்லை. அது 1931இல்தான் வந்தது. ஆனால் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வரும் இரும்புப் பாதை அன்றும் தாம்பரம் வழியாகவே வந்தது. கல்லூரியில் சேரவும், வேலை தேடவும், கடைசியில் நோயாளியாக வைத்தியம் பார்த்துக்கொள்ளவும் சென்னை வந்த அந்த மனிதர் நம் ஊரைக் கடந்துதான் சென்றிருக்க வேண்டும்.

இராமானுஜன் என்றதும் மாணவியர் 1729 என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கதை எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. இங்கே நான் சொல்ல விரும்புவது பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட வேறோர் எண்ணைப் பற்றி. அதை இராமானுஜன் எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டுவிட்டார்.

அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22இல், ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் இல்லத்தில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கெழுதுபவர்; தாயார் கோமளத்தம்மாள். பத்து வயது நிறையுமுன்பே, 1897இல், ஆரம்பத் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். டவுன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, ஏறத்தாழப் பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த ஓர் ஆங்கிலக் கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய நூல் அது. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கிடையாது. மற்ற மாணவர்கள் மூடி வைத்துவிடக்கூடிய அந்தப் புத்தகத்தை அவர் ஒவ்வொன்றாகத் தாமே மெய்ப்பித்துக்கொண்டு படித்தார்.

அதன் பிறகு வந்ததெல்லாம் தோல்விதான். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை பறிபோயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தவறினார். 1907இல் தனியாக எழுதினார், மீண்டும் தவறினார். பட்டத்துக்குப் போகும் வாயில் அத்துடன் அடைபட்டது. மகள் தேர்வில் தவறிய நாளில் வீட்டில் நிலவும் அமைதி எப்படிப்பட்டதென்று பெற்றோர் சிலருக்காவது தெரிந்திருக்கும். கும்பகோணத்து அந்த எளிய வீட்டில் அது பல ஆண்டுகள் நீடித்தது.

1909இல் அவருக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. ஜானகி அப்போது பத்து வயதுச் சிறுமி. குடும்பம் என்று வந்தபின் சம்பாதித்தாக வேண்டும். இராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு மனிதர்களைத் தேடிப் போகலானார். திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். நோட்டுகளைப் பார்த்தவுடன், இவரைத் தாலுகாக் கச்சேரி எழுத்தராக்குவது தகாது என்று அவர் எண்ணினார். அவர் வழியாகவும் பேராசிரியர் சேஷு ஐயர் வழியாகவும் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அந்தப் பெருந்தகை சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். பிறர் பணத்தில் உட்கார்ந்து உண்ண இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் முதல் தேதி துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். அலுவலக மேலாளர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம். தாள் விலை அதிகம். ஆகவே சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வது இராமானுஜனின் வழக்கம்.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. ஹார்டி அதைக் குப்பைக் கூடையில் போடாமல் படித்தார் என்பதற்கு நாம் என்றும் நன்றி சொல்ல வேண்டும். அவருக்கு முன் அத்தகைய கடிதங்களைப் பெற்ற வேறு பேராசிரியர்கள் உதவவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. தாயார் நெடுநாள் தயங்கிய பின் இசைந்தார். 1914 மார்ச் 17ஆம் நாள், குடுமியை எடுத்துவிட்டு, நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டார். சில மாதங்களில் உலகப் போர் மூண்டது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும். ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்குக்கு மேற்பட்டது எதுவும் இல்லை.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 7க்கு 1, 7 என்று இரண்டே காரணிகள். அது பகா எண். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 12க்கு முன்னுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் பெற்றிருக்கும் எண்ணை மிகு பகு எண் என்று சொல்லலாம். பகா எண்களுக்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்பவை இவை. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும். இவற்றுள் எத்தனை எண்கள் நம் வீட்டிலேயே புழங்குகின்றன என்று பாருங்கள்! டஜனுக்கு 12, நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. பங்கிடுவதற்கு வசதியான எண்களை நம் முன்னோரும் பிற நாட்டினரும் பண்டைக்காலத்திலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் கற்பனை நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டுமென்றார். 5040க்கு 60 காரணிகள் இருப்பதால் நகரை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். அதுவும் இந்த வரிசையைச் சேர்ந்ததே.

சிறிய எண்களை எண்ணிப் பார்த்துவிடலாம். கோடிகளைத் தாண்டினால் என்ன செய்வது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. இராமானுஜன் எண்களின் அமைப்பை ஆராய்ந்தார். 12 என்பது 2×2×3. 18 என்பது 2×3×3. இரண்டுக்கும் ஆறு ஆறு காரணிகள். ஆனால் 12 சிறியது. எனவே 18க்கு வரிசையில் இடமில்லை. இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. மிகு பகு எண்ணில் 2, 3, 5, 7 என்று பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும். சிறிய பகா எண் எத்தனை முறை வருகிறதோ அதைவிட அதிக முறை பெரியது வரக்கூடாது. வரிசையில் கடைசியாக நிற்கும் பகா எண் ஒரே முறைதான் வரும். இதற்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு. இப்படி விதிமேல் விதியாகக் கட்டி, சல்லடையில் சலிப்பதுபோல் மற்ற எண்களையெல்லாம் ஒதுக்கிவிட்டார். மிகு பகு எண்களுக்குள்ளும் மேம்பட்ட ஒரு தனி வகுப்பைப் பிரித்து, அதற்கான வாய்பாட்டையும் கண்டார்.

இந்த ஆராய்ச்சி 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் வெளியாயிற்று. அதிலே ஓர் அட்டவணை. மிகு பகு எண்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை இராமானுஜன் வரிசையாகத் தந்திருக்கிறார். அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800! அதற்குக் காரணிகள் 10,080. கணிப்பொறி என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில் அவர் கையால் செய்த அட்டவணை அது.

அந்த நீண்ட அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. பின்னாளில் சரிபார்த்தவர்கள் அதைக் கண்டார்கள். 4800 காரணிகள் கொண்ட 2,40,94,02,99,600 இருக்கிறது. அடுத்து 5376 காரணிகள் கொண்ட 3,21,25,37,32,800 இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய 2,93,31,86,25,600 இல்லை.

விடுபட்ட எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை. 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. இவற்றையெல்லாம் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். காரணிகளின் எண்ணிக்கை அறிய ஒவ்வொரு பகா எண்ணும் வரும் தடவையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040. பிளேட்டோ விரும்பிய அதே எண்! இராமானுஜன் வகுத்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் இந்த எண் கட்டுப்படுகிறது. விதியில் பிழை இல்லை. பட்டியல் எழுதும்போதுதான் கை தவறியிருக்கிறது.

இதை வகுப்பில் சொல்லும்போது மாணவியரின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். இராமானுஜனே கணக்கில் தவறு செய்தாரா என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் தடுப்பதில்லை. ஆனால் உடனே இன்னொன்றையும் சொல்லிவிடுவேன். எஃப்.ஏ.யில் இருமுறை தவறிய அந்த மாணவருக்கு, 1916 மார்ச் மாதம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் வழங்கிற்று. எந்தக் கட்டுரைக்காகத் தெரியுமா? ஓர் எண் விடுபட்டிருக்கும் இதே கட்டுரைக்காகத்தான்.

கட்டுரை முழுவதும் அப்போது அச்சேறவில்லை. போர்க்காலத்தில் சங்கத்துக்குப் பணமுடை. செலவைக் குறைக்கப் பின்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

குளிர் நாட்டில் இராமானுஜன் தாமே சமைத்து, மரக்கறி உணவு மட்டும் உண்டு வாழ்ந்தார். போரினால் காய்கறி கிடைப்பதும் அரிதாயிற்று. இரவு பகல் பாராமல் உழைப்பார். நினைத்த நேரத்தில் உண்பார். 1917இல் உடல்நிலை கெட்டு, மருத்துவ விடுதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். காசநோய் என்றே அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். 1994இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் ஒருவர் அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றார். அப்படியானால் அக்காலத்திலேயே குணப்படுத்தியிருக்கக்கூடியது. இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியரில் அவர் இரண்டாமவர். அதே ஆண்டு டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ ஆன முதல் இந்தியரும் ஆனார். பட்னியில் அவர் படுத்திருந்தபோதுதான் ஹார்டி வாடகைக் காரில் வந்து, அதன் எண் 1729 என்று சொன்னார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவிதமாக எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்று இராமானுஜன் உடனே விடையளித்தார். 1ஐயும் 12ஐயும் கனமாக்கிக் கூட்டினாலும் 1729; 9ஐயும் 10ஐயும் கனமாக்கிக் கூட்டினாலும் 1729. வேடிக்கை என்னவென்றால், காரணிகளின் கணக்கில் 1729 ஓர் ஏழை. அதற்கு எட்டே காரணிகள். அதைவிடச் சிறியதான 1680க்கு 40 காரணிகள் உண்டு. ஓர் அளவுகோலில் எளியதாகத் தோன்றும் எண் வேறோர் அளவுகோலில் அரசனாகிவிடுகிறது. எத்தனை அளவுகோல்கள் உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தன.

தாயகம் திரும்புமுன் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அதற்கு நன்றி கூறி எழுதிய இராமானுஜன், பெற்றோருக்கும் தம் தேவைக்கும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளச் சலுகைக்காகவும் புத்தகங்களுக்காகவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். படிப்புக்குப் பணமில்லாத வேதனையை அறிந்தவர் அல்லவா!

மார்ச் மாத இறுதியில் பம்பாயில் கரையிறங்கியவர் எலும்பும் தோலுமாக இருந்தார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சில மாதங்கள் தங்கிவிட்டு மறுபடியும் சென்னை வந்தார். கடைசி மாதங்களில் அருகிருந்து பணிவிடை செய்தவர் ஜானகி. ஐந்தாண்டுப் பிரிவுக்குப்பின் கணவரோடு வாழக் கிடைத்தது ஓராண்டு; அதுவும் நோய்ப்படுக்கையின் ஓரத்தில். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். கேட்கும் நேரத்தில் தாள் எடுத்துக் கொடுப்பார். வலியோடு வலியாக இராமானுஜன் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் முற்றிலும் புதிய சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். கணித அறிஞர்கள் இன்றும் அவற்றை ஆராய்ந்து வருகிறார்கள்.

கணவர் மறைந்தபோது ஜானகி அம்மையாருக்கு இருபது வயதளவுதான். அவர் அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தும் தம் காலில் நின்றார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். தம் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. அதைக் கேள்வியுற்ற வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் திரட்டினார்கள். அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் 1980களில் இராமானுஜனின் கடவுச்சீட்டுப் புகைப்படத்தைப் பார்த்து மார்பளவு வெண்கலச் சிலை வடித்தார். அதன் பிரதியொன்று அம்மையாரின் வீடு வந்து சேர்ந்தது. அவர் 1994இல் காலமானார். இராமானுஜனைப் பற்றிய கட்டுரைகளில் இந்த அம்மையாருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

நம் ஊர்த் தொடர்பு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1967இல் இராமானுஜனின் வாழ்க்கையை நூலாக எழுதியவர் நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் கணிதம் பயின்றது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். அக்கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல்தான் தாம்பரத்துக்குக் குடிவந்தது.

நிறுத்திவைக்கப்பட்ட அந்தப் பின்பகுதி? 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிடி கல்லூரி நூலகத்தில் இராமானுஜனின் கடைசி ஆண்டுக் கைப்பிரதிகளைக் கண்டெடுத்தார். அவையும் அச்சேறாத பிற எழுத்துக்களும் சேர்ந்து 1988இல் நூலாயின. அதில் மிகு பகு எண்களைப் பற்றிய பின்பகுதியும் இடம்பெற்றது. பிறகு நிக்கோலா, ராபின் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் விளக்கக் குறிப்புகளுடன் 1997இல் அதை மீண்டும் பதிப்பித்தார்கள். எழுதி எண்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கட்டுரை முழுமை பெற்றது. விடுபட்ட எண்ணும் இன்றைய அட்டவணைகளில் தன் இடத்தில் இருக்கிறது.

மாணவியர் ஒன்று செய்து பார்க்கலாம். இராமானுஜன் தம் பட்டியலின் கடைசியில் எழுதிய 67,46,32,83,88,800ஐ எடுத்து 23ஆல் வகுங்கள். கணிப்பான் வேண்டாம், பென்சிலும் தாளும் போதும். மீதி வராது. ஈவாக வருவது 2,93,31,86,25,600.